வெறும் நெற்றியோடு ஒரு கல்யாணம்

என் முகவாயில் தாடி முளைத்ததை முதலில் பார்த்தவர் என் கணவர்தான். பார்த்தும் சொல்லவில்லை. காலமெல்லாம் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டியவர்; எதிரில் என்ன வந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டார். நானாகத்தான் ஒருநாள் தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி பிளாக்கின் லிஃப்ட் கண்ணாடியில் பார்த்தேன். தாடை ஓரமாகக் கறுப்பாக, மெல்லிய பூனைமுடி. வீட்டுக்குள் வந்ததும் அவரிடம் முகத்தை நீட்டிக் கேட்டேன்.

"என்னங்க, இது என்ன?"

"லிஃப்ட்ல லைட் சரியில்ல," என்றார்.

லைட் சரியாகத்தான் இருந்தது. அது மாத்திரையின் வேலை. ஐம்பதைத் தொடும் முன்பே எனக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிரித்துவிட்டன. அவருக்குச் சர்க்கரை, அவருடையதை எடுக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு ஒரே பெண். அவள் தன்னுடையதைத் தருகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான் அழுதேன், திட்டினேன், சோறு தின்ன மாட்டேன் என்றேன். எதற்கும் அவள் மசியவில்லை. இப்போது அவளுடைய சிறுநீரகம் என் வலப்பக்க அடிவயிற்றில் இருக்கிறது. கை வைத்தால் லேசாகத் தட்டுப்படும். வேறு ஓர் உடம்பிலிருந்து வந்தது என்று தெரிந்தால் என் உடம்பு அதை விரட்டிவிடும். அதனால் என் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கத் தினமும் மாத்திரை. வாசலில் காவலுக்கு நிற்கும் நாயைக் கட்டிப் போட்டுவிட்டுத் தூங்கப் போவது மாதிரிதான் என் நிலைமை.

அந்த மாத்திரைகளில் ஒன்று முகத்தில் முடி வளர்க்கும். இன்னொன்று முகத்தைத் தோசைக்கல் மாதிரி வட்டமாக்கும், தோலை மெலிதாக்கும். முன்பே சொல்லித்தான் கொடுத்தார்கள். உயிர் பிழைத்தால் போதும் என்று இருந்தபோது இதெல்லாம் யார் காதில் விழுந்தது?

பயம் என்றால் எனக்கு அப்படி ஒரு பயம். எம்ஆர்டி ரயிலில் யாராவது இருமினால் அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுவேன். வீட்டு வாசலில் ஆசையாக வளர்த்த துளசியையும் மல்லிகையையும், மண்ணில் கிருமி இருக்கும் என்று எதிர்வீட்டு மலாய்க்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். காய்கறி நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிட்டால் அன்று முழுக்க அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். "நீ கழுவுற கழுவுல தெம்பனிஸே வெளுத்துப் போயிடும்," என்று என் கணவர் கிண்டல் செய்வார். என் உயிர் போய்விடுமோ என்ற பயம் மட்டும் இல்லை அது. அவள் உடம்பைக் கிழித்து எடுத்துக் கொடுத்ததை நான் கவனக்குறைவாகக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம். எனக்கு அதுதான் பெரிய பயம்.

அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. மருத்துவமனையில் பரிசோதனை முடிந்து வந்து, "உன் கிட்னி சூப்பரா வேலை செய்யுதாம்டி," என்று நான் சொன்னால் எரிந்து விழுவாள்.

"மா, அது உன்னோடது. குடுத்தாச்சு, முடிஞ்சிருச்சு. என்கிட்ட ரிப்போர்ட் குடுக்காத லா."

எத்தனை தடவை சொன்னாலும் இதே பதில்தான். கொடுத்ததைச் சொல்லிக் காட்டாத குணம் என்று என் கணவர் பெருமைப்படுவார். எனக்கு ஏனோ பயம்தான் கூடியது. முழுக்க என் பொறுப்பு என்று ஆகிவிட்டது அல்லவா?

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கிளமெண்டிப் பக்கம். அவளோடு படித்தவர்தான், எல்லாம் தெரிந்தவர். நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. பிறகு புகைப்படங்கள் கைப்பேசிக்கு வந்தன. மகள் தங்கச் சிலையாக நிற்கிறாள். பக்கத்தில் ஊதின முகமும் அடர்ந்த புருவமும் தாடை நிழலுமாக யாரோ ஒரு பெரியவர் புடவை கட்டிக்கொண்டு நிற்கிறார். அது நான். அவள் பிள்ளைகள் பின்னாளில் அந்தப் படத்தைப் பார்த்து, பாட்டியா தாத்தாவா என்று கேட்கும். அன்று சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கல்யாணப் படத்தில் மட்டுமாவது என் முகம் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. ஆசைதான். அதற்கு மேல் பெயர் வைக்க முடியாது.

தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூக்கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது அந்த அழகு நிலையம். நடத்துகிறவள் கும்பகோணத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து, வேறொரு கடையில் வேலை செய்து, பிறகு சொந்தமாக வைத்தவள். என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து என் புருவம் அவள் கையில்தான். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை விரல்களில் முறுக்கி, கோழி கொத்துவது மாதிரித் தலையை ஆட்டி ஆட்டி முடியைப் பிடுங்குவாள். அதற்கு முன் ஒரு பவுடர் டப்பாவில் பஞ்சை முக்கி நெற்றியில் ஒற்றுவாள். வருகிற எல்லாருக்கும் அதே டப்பா, அதே பஞ்சு. தேக்காவில் பாதிப் பெண்களின் நெற்றியைத் தொட்ட பஞ்சு அது. அப்போதெல்லாம் அதை யார் யோசித்தார்கள்?

படியேறிப் போனேன். நான் முகக்கவசத்தைக் கழற்றியதும் அவள் முகம் மாறியது. கட்டிப்பிடிக்க வந்தவள் பாதியில் நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் தலையை ஆட்டினாள்.

"அக்கா, மன்னிச்சிக்குங்க. நான் உங்களத் தொட மாட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன்? எனக்கென்ன தொத்து நோயா?"

"உங்களுக்கு இல்லக்கா. எங்களுக்குத்தான் இருக்கும்," என்றாள். "ஒரு அம்மா, கேன்சருக்கு மருந்து எடுக்கிறவங்க. வேற எங்கயோ போய் வேக்ஸிங் பண்ணிட்டாங்க. மெழுகோட தோலும் பேந்து வந்துருச்சு. அப்புறம் என்கிட்ட வந்து காட்டினாங்க. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உங்க பொண்ணுக்கு மேக்கப் போடுவேன்?"

என் மகளின் கல்யாண அலங்காரமும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. நான் கோபமாகப் படியிறங்கி, பூக்கடை வாசல் வரை வந்து, திரும்பி ஏறினேன். வேறு யாரிடம் போவது? பயப்படாமல் சரி என்று சொல்கிறவளிடம் போகத்தான் எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது. மருத்துவமனையில் என்னைப் பார்த்துக்கொள்ளும் தாதியைக் கைப்பேசியில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, இருவருமாகக் கேட்டோம்.

தாதி கண்டிப்பானவர். மெழுகு வேண்டாம், நீராவி வேண்டாம், முகப்பருவைக் கிள்ளுவது, தோலை உரிக்கிற கிரீம் எதுவும் வேண்டாம். தாடை முடியைப் புது மின் டிரிம்மரால் கத்தரித்துக்கொள்ளலாம். அது என் சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யார் முகத்திலும் பட்டிருக்கக் கூடாது. புருவத்தையும் அப்படியே செய்தால் நல்லது என்றார். டிரிம்மரில் புருவம் எனக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை என்று கெஞ்சினேன். மருத்துவரைக் கேட்டுவிட்டு மறுநாள் அழைத்தார். நூலால் எடுக்கலாம், ஆனால் புது நூல், கையுறை, கவசம், நூல் வாயில் படவே கூடாது, தோல் கீறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிறகு சிவந்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ ஒரு நிமிடம் தாமதிக்காமல் கூப்பிட வேண்டும். நான் கடைக்குப் போய்ச் சொன்னதும் கும்பகோணத்துக்காரி எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடியே செஞ்சிடலாம்க்கா," என்றாள் கடைசியில். "ஏதாச்சும் ஆச்சுன்னா சரிபண்ண நேரம் இருக்கும்."

ஏதாச்சும் ஆச்சுன்னா. அந்தச் சொல் அன்றிலிருந்து என் காதிலேயே உட்கார்ந்துகொண்டது.

குறித்த நாளில் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போனேன். சளி பிடித்திருந்த உதவிப் பெண்ணை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். நாற்காலியைத் துடைத்துப் புதுத் தாள் விரித்திருந்தாள். பவுடர் டப்பாவைக் கண்ணிலேயே காணோம். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கவசமும் கையுறையும் மாட்டி, நூல் கண்டை என் கண் முன்னாலேயே உறை பிரித்தாள். பிறகு நூலை வளையமாகக் கட்டித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பல்லுக்குப் பதில் கழுத்து.

"ஒரு வாரமா எங்க வீட்டுக்காரர் கையிலதான் பழகினேன்க்கா. அவருக்கு இப்ப ஒரு கை மட்டும் பொம்பள கை மாதிரி இருக்கு."

சிரித்தேன். சிரித்தது பயத்தை மறைக்கத்தான். முதலில் புருவ ஓரத்தில் ஒரே ஒரு முடியை எடுத்துவிட்டு, இரண்டு பேரும் காத்திருந்தோம். தோல் சிவந்து, மெல்ல அடங்கியது. பிறகுதான் தொடர்ந்தாள். என் தோல் நனைந்த டிஷ்யூ மாதிரி, இழுத்தால் கிழியும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்வது எனக்குத் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, வலது கையை அடிவயிற்றின் மேல் வைத்திருந்தேன். கீழே சாலையில் லாரிகள் பூக்கூடைகளை இறக்கும் சத்தம். ஒவ்வொரு சுள்ளென்ற வலிக்கும், கிழிந்ததா, ரத்தமா என்று மனம் கேட்டது.

தாடையை என் டிரிம்மராலேயே முடித்தாள். உப்புநீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினாள். ஊதிய முகம்தான். ஆனால் அதற்குள் நான் இருந்தேன். என் புருவம், என் அம்மாவிடமிருந்து எனக்கு வந்த வளைவு. இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. அவள் கவசத்தையும் கையுறைகளையும் கழற்றிக் குப்பையில் போட்டாள். முகம் நிறையச் சந்தோஷம். அப்புறம் மேசை இழுப்பறையைத் திறந்தாள்.

"காலையில உங்களுக்காக அம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிட்டுதான்க்கா வந்தேன். உங்க பேரு, உங்க பொண்ணு பேரு ரெண்டும் சொல்லி."

காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே குங்குமம். அர்ச்சனைத் தட்டிலிருந்து எத்தனையோ கைகள் அள்ளிய குங்குமம். கட்டை விரலால் ஒரு சிட்டிகை எடுத்து என் நெற்றியை நோக்கிக் கொண்டு வந்தாள். புருவ நடு, சற்று முன்புதான் அவள் முடி பிடுங்கிய இடம். தோலில் ஒவ்வொரு முடிக்குழியும் வாய் திறந்து கிடக்கும் நேரம்.

நான் பார்த்தேன். அந்த விரல் வருவதை முழுசாகப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஆனால் அம்மன் குங்குமம் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெண் எங்கே இருக்கிறாள்? எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. பிறந்ததிலிருந்து குங்குமம் வந்தால் கண்ணை மூடித் தலையை நீட்டித்தான் பழக்கம். அன்றும் என் தலை தானாக முன்னால் போயிற்று. அவள் புருவ நடுவில் அழுத்தி வைத்து, ஒட்டியிருந்த தூளை ஊதிவிட்டாள்.

"தீர்க்காயுசா இருங்கக்கா," என்றாள். அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பல் வேண்டாம், பஞ்சு வேண்டாம், பவுடர் வேண்டாம் என்று அத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்தவளுக்கும், கேட்டுப் பயந்து வந்த எனக்கும், குங்குமம் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அது சாமி.

தெம்பனிஸ் வரை எம்ஆர்டியில் அந்த இடம் எரிந்துகொண்டே இருந்தது. உண்மையிலேயே எரிந்ததா, பயத்தில் அப்படித் தோன்றியதா, தெரியாது. துடைக்கலாமா, அழுக்குக் கையால் துடைத்தால் இன்னும் மோசமா, அம்மன் குங்குமத்தைத் துடைப்பதா என்று நிலையத்துக்கு நிலையம் மாற்றி மாற்றி நினைத்தேன். வீட்டுக்கு வந்து, கை கழுவி, ஆறவைத்த வெந்நீரில் கழுவினேன். கழுவும்போது அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். கழுவி முடித்ததும் அம்மன் மேல் கோபம் வந்தது.

அதன் பிறகு எனக்குக் கண்ணாடிதான் வேலை. காலையில் பார்ப்பேன், மாலையில் பார்ப்பேன், நடுவில் பத்துத் தடவை பார்ப்பேன். உடல்வெப்பமானி என் தலையணைக்கு அடியில் இருந்தது. மூன்றாம் நாள் காலையில், பொட்டு வைக்கும் இடத்திலேயே, ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி.

"பரு மாதிரி இருக்கு," என்றார் என் கணவர்.

"பருவா?"

"அப்படித்தான் இருக்கு," என்றார். ஆனால் இந்தத் தடவை லைட்டைக் குறை சொல்லவில்லை. அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் புள்ளியின் தலையில் மஞ்சளாகச் சீழ் கட்டியது. சாயங்காலம் உடம்பு குளிர்ந்து நடுங்க ஆரம்பித்தது. வெப்பமானியை வாயில் வைத்துக்கொண்டு அதன் எண்ணைப் பார்க்கத் துணிவில்லாமல் அவரிடம் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு என் மருத்துவமனைப் பையை எடுத்தார். அழைப்பை எடுத்த தாதி ஒரே சொல்தான் சொன்னார்: வாங்க.

டாக்சியில் நான் சாமி கும்பிடவில்லை. யாரைக் கும்பிடுவது என்று குழப்பமாக இருந்தது. அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு, போயிடாதே, போயிடாதே என்று அதனிடமே சொல்லிக்கொண்டு வந்தேன்.

கையில் ஊசி ஏற்றி, மருந்தை நரம்பில் இறக்கினார்கள். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். இளம் மருத்துவர் ஒருவர் வந்து, தோலில் தொற்று, ரத்தத்தில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ரத்தத்தில் கழிவின் அளவு கொஞ்சம் ஏறியிருக்கிறது, காய்ச்சலால் இருக்கலாம், பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்று ஒரு மருத்துவர் சொன்னால் என் காதில் அது முடிந்தது என்றுதான் விழும்.

மகள் அலுவலகத்திலிருந்து நேராக வந்தாள். கட்டில் ஓரத்தில் நின்று என் நெற்றியைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவக்கும், சிவந்திருந்தது.

"எதுக்கும்மா இப்ப ஐப்ரோ? ஹூ கேர்ஸ்? யாரு கேட்டா?"

"படத்துல உன் பக்கத்துல நல்லா இருக்கணும்னு..."

நான் பிதற்றிக்கொண்டே போனேன். "உன் கிட்னிக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா நான் என்னடி பண்ணுவேன்? உன் உடம்பக் கிழிச்சுக் குடுத்தது. நான் புருவத்துக்கு ஆசப்பட்டு..." வழக்கமாக, அது உன்னோடது என்று உடனே வெட்டுகிறவள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. என்னைவிட அவள் பயந்திருக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இத்தனை நாளும் அது தன்னுடையது இல்லை என்று அவள் சொன்னது பெருந்தன்மை மட்டும் இல்லை. அதை நினைக்கவே அவளுக்குப் பயம்.

மறுநாள் அழகு நிலையத்துக்காரி அழைத்தாள். எடுத்ததுமே அழுகை.

"அக்கா, எல்லாமே புதுசுதானே வச்சேன்? நூல் புதுசு, கையுற புதுசு. வாயில கூட வைக்கலியேக்கா. நான் எங்கக்கா தப்பு பண்ணினேன்?"

சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தேன். சொல்லாவிட்டால் அவள் இன்னொருத்திக்கும் வைப்பாள். "குங்குமம்தாம்மா," என்றேன்.

மறுமுனையில் அழுகை நின்றுவிட்டது. "அம்மன் குங்குமம்க்கா அது," என்றாள் பிறகு, சின்னக் குரலில். "உங்களுக்காக வாங்கினது."

"தெரியும்மா. நானும்தான் தலைய நீட்டினேன்."

குங்குமம்தான் காரணமா, முடிக்குழியிலேயே இருந்த கிருமியா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் பெரிய மருத்துவர். என்ன காரணமாக இருந்தாலும் புண் முழுசாக ஆறும்வரை அந்த இடத்தில் ஒன்றும் படக் கூடாது. பொடி கூடாது, குங்குமம் கூடாது, ஸ்டிக்கர் பொட்டின் பசையும் கூடாது. காய்ச்சல் மெல்ல இறங்கியது. அளவும் இறங்கியது, ஆனால் ஒவ்வொரு நாளும் ரத்தம் எடுத்து முடிவு வரும்வரை நான் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். கூட்டத்தில் அதிக நேரம் இருக்கக் கூடாது, கவசம் போட வேண்டும், மறுபடி காய்ச்சல் வந்தால் கழுத்து மாலையோடு அப்படியே வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீடு நிறைய உறவுகள். என் கணவரின் அக்கா, எனக்கு அண்ணி, என்னைப் பார்த்ததும் வாயில் கை வைத்தார். நெற்றி நடுவில் காய்ந்த புண். பொட்டு இல்லை.

"ஐயோ, என்னம்மா இது? பொண்ணோட அம்மா, புருஷன் குத்துக்கல்லாட்டம் பக்கத்துல நிக்கிறான், நீ வெறும் நெத்தியோட மணவறையில வந்து நிப்பியா? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? நல்ல காரியம் நடக்கிற எடத்துல..."

அண்ணி கெட்டவர் இல்லை. நான் டயாலிசிஸில் கிடந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வாரா வாரம் சமைத்துக் கொண்டு வந்தவர். அவர் பயம் அவருக்கு. எனக்கும் உள்ளே அதே பயம்தான். புருஷன் உயிரோடு இருக்க வெறும் நெற்றியோடு மகள் கல்யாணத்துக்குப் போவதா? அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? என் மகள் வாழ்க்கைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? படித்தவள்தான், ஆனால் இந்தப் பயத்துக்குப் படிப்பு தெரியாது.

"புண்ணுக்கு மேல, வகிடு ஓரமா வச்சிக்கலாம்," என்றார் அண்ணி. "சின்ன ஸ்டிக்கர்தானே. தாலி கட்டுற நேரம் மட்டும். ஒரு நிமிஷம்." கையில் ஒரு பொட்டு அட்டையே வைத்திருந்தார்.

ஒரு நிமிஷம். சரி என்று என் வாய் வரை வந்துவிட்டது.

மருதாணி காயாத கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு என் மகள் அறையிலிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். அண்ணிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அத்த, அந்த அட்டைய உள்ள வைங்க."

"உங்கம்மாவோட நல்லதுக்குத்தான்டி..."

"அம்மா நெத்தி அம்மாவோடது. ஆனா உள்ள இருக்கிறது என் கிட்னி." குரல் உடைந்தது. விடாமல் சொன்னாள். "நான் குடுத்தது. அது எங்க இருக்கோ அங்க என் ரூல்தான். ஒரு பொட்டும் வேணாம். ஓகேவா?"

அண்ணி பொட்டு அட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். என் கணவர் சமையலறைப் பக்கம் போய்விட்டார். பாத்திரம் ஒன்று உருளும் சத்தம் கேட்டது. நான் அழுதேன். பயத்தில்தான், ஆனால் வேறு மாதிரிப் பயம். என்னுடையது என்று அவள் முதல் தடவையாகச் சொல்லிவிட்டாள். அதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது.

கல்யாணத்தன்று மகளுக்கு அலங்காரம் செய்ய வந்த கும்பகோணத்துக்காரி என்னைப் பார்த்ததும் மணமகள் அறையின் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். கவசம் போட்டிருந்தாள். கிட்டே வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். இரண்டு பேரும் கவசத்துக்குள்ளேயே சிரித்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன். கண்ணை வைத்துத்தான் சொல்கிறேன்.

தாலி ஏறியது. மணமக்கள் பெரியவர்கள் காலில் விழ வந்தார்கள். என் முறை வந்தபோது, தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்து மகள் நெற்றியிலும் வகிட்டிலும் வைத்தேன். நிமிர்ந்தபோது பக்கத்தில் அண்ணி. மறந்துவிட்டார் பாவம், கல்யாணச் சந்தோஷம், கண்ணில் நீர், பழகிய கை. தட்டில் விரலை ஒற்றி, "நீயும் வச்சிக்கம்மா," என்று சொல்லிக்கொண்டே கட்டை விரலை என் நெற்றிக்குக் கொண்டு வந்தார்.

அதே விரல் மாதிரி வந்தது. சிவப்பாக, அன்பாக, மெதுவாக. என் தலை தானாக முன்னால் சாய ஆரம்பித்தது. சுற்றி நிற்கிற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மேளம் வாசித்துக்கொண்டிருந்தது, புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினார்.

நான் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் அண்ணி," என்றேன். "என் பொண்ணோடது உள்ள இருக்கு."

அவர் வளையல்கள் என் கைக்குள் குலுங்கின. ஆனாலும் பிடியை விடவில்லை. அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. என் மகள் அதைத்தான் பெரிதாக்கித் தரச் சொன்னாள். கவசம் மறைத்தும் மறையாத வட்ட முகமும் வெறும் நெற்றியுமாக, கண்ணில் அத்தனை பயத்தோடு, ஒரு பெரிய மனுஷியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். புருவம் மட்டும் அழகாக இருக்கிறது.